வசந்த கால வேட்டையில் காட்டு வான்கோழிக் கூடு: எப்படி அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது?

காட்டுவழி (பென்சில்வேனியா):
எல்லோருக்கும் வணக்கம். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமமும் வாங்கிவிட்டேன். இந்த மே மாதம் முதல் தடவையாக வான்கோழிக்குப் போகிறேன், லைகோமிங், டயோகா கவுன்டி பக்கம் உள்ள மலைக்காடு. வசந்த சீசனில் தாடியுள்ள (மார்பில் மயிர்க்கற்றை மாதிரி தொங்குவது) பறவையை மட்டும்தான் சுடலாம், அது தெரியும். என் கவலை வேறு. சேவல் வேட்டை நடக்கும் அதே வாரங்களில்தான் பெட்டைகள் தரையில் கூடு வைத்து அடை உட்காருகின்றன. விடியும் முன்னால் இருட்டில் காட்டுக்குள் நடந்து போகிறவன் கூட்டை எப்படித் தெரிந்துகொள்வான், எப்படி விலகிப் போவான்? "தடயத்தைப் பார்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எந்தத் தடயம் சேவலுடையது, எது பெட்டையுடையது, எதைப் பார்த்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது என்று நினைக்க வேண்டும், இதையெல்லாம் அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஒசார்க்வேலு (மிசௌரி):
தம்பி, நல்ல கேள்வி. போகும் முன்பே கேட்டது இன்னும் நல்லது.

முதலில் கூடு என்றதும் சுள்ளி, புல் வைத்துப் பின்னிய எதையும் தேடாதீர்கள். வான்கோழிக் கூடு என்பது தரையில் ஒரு ஆழமில்லாத பள்ளம், அவ்வளவுதான். காய்ந்த இலைகள் மேல் பெட்டை உட்கார்ந்து உட்கார்ந்து அழுந்திய பள்ளம். அதற்குப் பின்னாலோ பக்கத்திலோ ஏதாவது ஒரு மறைப்பு இருக்கும்: பெரிய மரத்தின் அடி, விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைக் குவியல், காட்டு ரோஜாப் புதர், மலை லாரல் செடி, பெரணி அடர்ந்த இடம், மரம் வெட்டி சில வருடங்களான பிறகு புதர் மண்டிய பகுதி. காட்டின் நடுவில்தான் இருக்கும் என்றில்லை. காட்டுப் பாதை ஓரம், மின்கம்பி போகும் திறந்த வெளியின் ஓரம், வைக்கோல் வயல் விளிம்பு இங்கெல்லாம் நிறைய இருக்கும். அதனால் பாதையை விட்டு இறங்கும் முதல் பத்து இருபது அடியில்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பேன்.

முட்டை பொதுவாக 10 முதல் 12 இருக்கும். வெளிர் சந்தன நிறம், அதன் மேல் மங்கலான பழுப்புப் புள்ளிகள். வீட்டுக்கோழி முட்டையை விடப் பெரியது, சுமார் இரண்டரை அங்குல நீளம், ஒரு முனை நன்றாகக் கூர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில், நடுவே ஒன்றிரண்டு நாள் விட்டும், ஏறக்குறைய இரண்டு வாரம் இடும். கடைசி முட்டை இட்ட பிறகுதான் முழு நேரமும் அடை உட்காரும். அதற்கு மேல் 28 நாள்.

இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்துப் புரிந்துகொண்டால் வேட்டையே புரிந்துவிடும். முட்டையிடும் கட்டத்தில் பெட்டை காலையில் சேவலோடு இருக்கும், அப்புறம் நழுவிப் போய் முட்டையிட்டுவிட்டு, சில சமயம் முட்டைகளை இலைபோட்டு மூடிவிட்டு வந்துவிடும். இந்தக் கட்டத்தில் கூட்டில் யாருமே இருக்க மாட்டார்கள், முட்டையும் கண்ணுக்குத் தெரியாது. மிதிபடும் அபாயம் இங்கேதான் அதிகம். அடை உட்கார்ந்த பிறகு பெட்டை கூட்டிலேயே கிடக்கும். நாம் நாலைந்து அடிக்குள் போகும் வரை அசையாமல் இருக்கும், அதன் பழுப்பு இறகும் காய்ந்த இலையும் ஒன்றாகவே தெரியும். நாளுக்கு ஒரு தடவை, அதுவும் கொஞ்ச நேரம், இரை தேடவும் தண்ணீர் குடிக்கவும் எழுந்து போகும். சில நாள் எழவே எழாது.

நெல்லைக்காரன் (டெக்சஸ்):
வேலு அண்ணன் சொன்னதோடு ஒன்று. கூடு இருக்கும் இடத்தில் சேவலும் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் கூட்டைக் கண்டுபிடித்தால் அங்கேயே மறைந்து உட்காரலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். அது எந்த அளவு உண்மை? எங்கள் பக்கம் இருப்பது ரியோ கிராண்டே வகை. ஆற்றோர மரங்களில் கூட்டம் கூட்டமாக அடையும், பெட்டைகள் கூடு வைக்க அங்கிருந்து ரொம்ப தூரம் போய்விடும்.

ஒசார்க்வேலு (மிசௌரி):
உண்மையில்லை. வான்கோழிச் சேவலுக்குக் கூட்டில் ஒரு வேலையும் கிடையாது. காவல் காக்காது, இரை கொண்டுவராது, குஞ்சையும் பார்க்காது. பெட்டை கூடு வைக்கும்போது சேவல் கண்ணில் படாமல் விலகிப் போகவே பார்க்கும், ஏனென்றால் ஊரெல்லாம் கேட்கக் கத்தி, வால் விரித்து ஆடும் ஒரு பறவை பக்கத்தில் இருந்தால் நரிக்கும் கொயோட்டுக்கும் வழி காட்டுவது மாதிரி ஆகிவிடும். கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சேவல் கிடைக்காது, பெட்டைதான் தொந்தரவுபடும்.

சேவலுக்கு அதனால் வரும் மாற்றத்தைத்தான் வேட்டைக்காரன் பயன்படுத்த வேண்டும். பெட்டைகள் ஒவ்வொன்றாக அடை உட்காரத் தொடங்கியதும் சேவல் தனியாகிவிடுகிறது. காலை ஆறு மணிக்குப் பெட்டைகள் சூழ நிற்கும் அதே சேவல், அவை முட்டையிடப் போன பிறகு ஒன்பது, பத்து மணிக்கு மேல் துணை தேடி அலையும். நாம் பெட்டைக் குரலில் கொடுக்கும் அழைப்புக்குப் பதில் சொல்லும். விடியலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எட்டு மணிக்கே வண்டிக்குத் திரும்புகிறவர்கள் நல்ல நேரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பறவைநோக்கி (ஓஹையோ):
நான் வேட்டைக்காரன் இல்லை, பறவை பார்க்கிறவன். வேட்டைக்காரர்களோடு காட்டில் நடந்திருக்கிறேன், தடயம் படிப்பதில் அவர்களிடம் கற்றது நிறைய. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எச்சம்தான் முதல் பாடம். சேவலின் எச்சம் நீளமாக, ஒரு முனை தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும், வளர்ந்த சேவலுடையது இரண்டு அங்குலம் வரைகூட வரும். பெட்டையின் எச்சம் சுருண்டு சிறு உருண்டையாகக் கிடக்கும். இரண்டிலும் வெள்ளைப் பூச்சு இருக்கும். ஈரமாக, வெள்ளை பளிச்சென்று இருந்தால் இன்று நேற்று போட்டது. மழையில் கரைந்து பொடியாகியிருந்தால் பழசு, அதை நம்பி இடம் பிடிக்காதீர்கள்.

இதில் மூன்றாவது ஒரு வகை இருக்கிறது, கூடு பற்றிக் கேட்டதால் இதுதான் முக்கியம். ஊரில் கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: அடைக்கோழி நாள் முழுக்க அடக்கிவைத்து, எழுந்ததும் ஒரே மொத்தமாகப் போடும், நாற்றமும் அதிகம். காட்டு வான்கோழியும் அப்படித்தான். சாதாரண எச்சத்தைப்போலப் பல மடங்கு பெரிய, உருவமில்லாத ஒரு குவியலைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு பெட்டை அடையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்ததும் கூட்டைத் தேடிக் கிளம்பக் கூடாது. வந்த வழியே திரும்பி, அந்தப் பகுதியைச் சுற்றிப் போவதுதான் சரி.

இறகு அடுத்தது. மார்பு இறகின் நுனி கறுப்பாக வெட்டினாற்போல் முடிந்தால் சேவல். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் பெட்டை. சிறகில் உள்ள பெரிய இறகுகளில் இரண்டுக்குமே வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை இருக்கும், அதை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது.

காட்டுவழி (பென்சில்வேனியா):
இந்த அடைக்கோழி எச்சம் விஷயம் எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை. மிக்க நன்றி. கிளறிய இடங்களைப் பற்றியும் சொல்லுங்களேன். மானும் அணிலும் கூட இலையைக் கிளறுகின்றனவே?

பறவைநோக்கி (ஓஹையோ):
அணில் குத்துமதிப்பாகச் சின்னச் சின்னக் குழி தோண்டும், ஒரு கொட்டைக்கு ஒரு குழி. மான் மூக்கால் இலையைத் தள்ளும், பக்கத்தில் குளம்புத்தடம் இருக்கும். வான்கோழி காலால் சீய்க்கும், இலைகள் பின்பக்கம் போய்க் குவியும், முன்னால் மண் தெரியும். ஒன்று மட்டும் இருக்காது, கூட்டமாக இரை தேடும் பறவை என்பதால் ஒரு சரிவு முழுக்க அப்படிக் கிடக்கும். எந்தப் பக்கம் இலை குவிந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கூட்டம் நகர்ந்து போயிருக்கிறது. தோண்டிய மண் ஈரமாகக் கறுத்திருந்தால் அன்று காலையே நடந்தது.

மண் குளிக்கும் இடமும் பார்க்கலாம். காய்ந்த பொடிமண், மட்கிப்போன மரக்கட்டை, எறும்புப் புற்று, பழைய கரி அடுப்பு மேடு இங்கெல்லாம் ஒரு பெரிய தட்டளவுக்குக் குழி இருக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு சின்ன இறகு கிடக்கும். அடையில் இருக்கும் பெட்டையும் வெளியே வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இங்கே வரும்.

ஒசார்க்வேலு (மிசௌரி):
கால்தடம்: மூன்று விரல். குதியிலிருந்து நடுவிரல் நுனிவரை நாலேகால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் சேவல் என்று வைத்துக்கொள்ளலாம். சேற்றில் விரிந்து பெரிதாகத் தெரியும், மணலில் சரியாக விழும், இதையும் கணக்கில் எடுங்கள். அந்தத் தடத்துக்கு இரண்டு பக்கமும் மண்ணைக் கீறிய கோடுகள் போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: சேவல் சிறகை இறக்கி, நுனி தரையில் உரசியபடி ஆடியிருக்கிறது. காட்டுச் சாலை, மேட்டின் உச்சி, வயல் மூலை, இப்படிப் பெட்டைக்குத் தன்னைக் காட்ட வசதியான திறந்த இடத்தில்தான் ஆடும், திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும்.

அடையும் மரத்தின் கீழே எச்சமும் இறகும் குவிந்து கிடக்கும். உயரமான மரம், படுக்கை வாட்டில் நல்ல கிளை, பெரும்பாலும் சரிவின் மேல்பாதியில் அல்லது ஓடைக்கு மேல். சாயங்காலம் தூரத்தில் நின்று ஆந்தைக் குரல் கொடுத்தால் மரத்தில் ஏறிய சேவல் பதிலுக்குக் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். மரத்தின் அடிவரை போய்ப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே இடத்தை மாற்றிவிடும்.

மீனா_பால்டிமோர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். படிக்கப் படிக்க ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. கூட்டை மிதிக்கக் கூடாது, பெட்டையைக் கலைக்கக் கூடாது என்று இவ்வளவு அக்கறை காட்டுகிறீர்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் முட்டையிடும் பருவத்தில் வேட்டையே வைக்காமல் இருந்தால் இந்தச் சிக்கலே வராதே? எந்த ஊரிலும் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வேட்டை ஆகாது என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்?

ஒசார்க்வேலு (மிசௌரி):
மீனாம்மா, நியாயமான கேள்வி. மன்னிப்பெல்லாம் எதற்கு?

வான்கோழியில் ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். ஒருமுறை சேர்ந்த பெட்டை அந்த விந்தை உடலில் பல வாரம் வைத்திருந்து முட்டைகளுக்குக் கருவூட்டும். முதல் கூடு அழிந்துபோனால் மறுபடியும் கூடு வைக்கக்கூட அது போதும். சேவல் அடை உட்காராது, குஞ்சை வளர்க்காது. ஆகவே இணைசேர்க்கை பெருமளவு முடிந்த பிறகு சில சேவல்களை எடுத்தால் அந்த வருடக் குஞ்சு எண்ணிக்கை குறையாது. இந்தக் கணக்கில்தான் வசந்த சீசன் நிற்கிறது. மாறாக, இலையுதிர் கால சீசனில் பல மாநிலங்களில் பெட்டையையும் சுடலாம். எண்ணிக்கையைப் பாதிப்பது அதுதான், அதனால் அந்த சீசனைச் சுருக்குகிறார்கள், சில இடங்களில் மூடியும் விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவை பெரும்பாலான மாநிலங்களில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. காடு அழிந்தது, கட்டுப்பாடில்லாமல் சந்தைக்காகச் சுட்டார்கள். பண்ணையில் வளர்த்து விட்டுப் பார்த்தார்கள், அவை காட்டில் பிழைக்கவில்லை. அப்புறம் காட்டிலேயே வெடிமருந்தால் வலையைப் பறவைகள் மேல் வீசிப் பிடித்து, பறவை இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள், அதுதான் பலித்தது. அந்தச் செலவு பெரும்பாலும் வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல் போடும் வரியிலிருந்தும் வந்தது. எங்கள் மிசௌரியில் நவீன காலத்தின் முதல் வசந்த சீசன் 1960இல். பென்சில்வேனியாவில் 1968. நான் சொல்வதால் உங்கள் மனம் மாற வேண்டும் என்றில்லை, ஏன் இந்தப் பருவம் என்று கேட்டீர்கள், அதற்கான பதில் இது.

ஜார்ஜியா_கதிர்:
வேலு அண்ணனோடு ஓரளவுக்குத்தான் ஒத்துப்போவேன். "இணைசேர்க்கை பெருமளவு முடிந்த பிறகு" என்றீர்களே, அதுதான் இங்கே தெற்கில் பிரச்சினை. பல வருடங்களாக சீசன் மார்ச் கடைசியிலேயே திறந்தது. பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும் நேரமே அதுதான். கூட்டத்தில் முதன்மையான சேவல் முதல் வாரத்திலேயே சுடப்பட்டால், மற்ற சேவல்களுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை மறுபடி தொடங்கும், அதில் சேர்க்கை தள்ளிப்போகும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதைப் பற்றி விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் தென்கிழக்கு மாநிலங்களில் குஞ்சு எண்ணிக்கை குறைந்தது கண்கூடு. ஜார்ஜியா 2022இல் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கியது. டென்னசி 2023இல் இரண்டு வாரம் தள்ளியது. எனக்கு அது சரியான முடிவாகப் படுகிறது, வேட்டை நாள் குறைந்ததில் வருத்தமே இல்லை.

மீனா அக்கா கேட்டது எங்களையும் தினமும் உறுத்தும் கேள்விதான்.

மீனா_பால்டிமோர்:
நன்றி. இருவர் சொன்னதையும் யோசிக்கிறேன். வேட்டைக்கு ஆதரவாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் தெரிந்துகொண்டேன்.

நெல்லைக்காரன் (டெக்சஸ்):
கூட்டைப் பார்த்துவிட்டால் முட்டையை எடுத்துவந்து வீட்டுக்கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கலாமே, காட்டில் ரக்கூன் தின்பதற்கு அது மேல் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். ஊரில் வாத்து முட்டையைக் கோழிக்கு வைத்துப் பொரித்தவர்கள்தானே நாம்.

பறவைநோக்கி (ஓஹையோ):
வேண்டவே வேண்டாம். முதலில் சட்டம்: காட்டு வான்கோழியின் கூட்டையோ முட்டையையோ எடுப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். வீட்டுப் பறவைகளிடமிருந்து நோய் காட்டுக்குப் போகும் ஆபத்தும் இருக்கிறது. அதற்கும் மேலே, இந்தக் குஞ்சு கூட்டில் படுத்து ஊட்டிவிடக் காத்திருக்கும் ரகம் இல்லை. முட்டைக்குள் இருக்கும்போதே தாயின் மெல்லிய குரலைக் கேட்டுப் பழகுகிறது, பொரித்து ஒரு நாளுக்குள் தாயின் பின்னால் நடந்து கூட்டை விட்டே போய்விடுகிறது, அப்புறம் அங்கே திரும்பாது. எந்தப் பூச்சியைத் தின்பது, எந்தக் குரலுக்குப் படுப்பது எல்லாம் அந்தப் பின்தொடர்தலில்தான் படிக்கிறது. வீட்டில் பொரித்த குஞ்சு காட்டுக்குத் திரும்பாது. பண்ணைப் பறவைகளை விட்டுப் பார்த்து நடந்ததைத்தான் வேலு மேலே சொன்னார்.

ரக்கூன் தின்னும் என்பது உண்மைதான், பாதிக் கூடுகளுக்கு மேல் அழிவது சாதாரணம். சீக்கிரமே அழிந்தால் பெட்டை இன்னொரு கூடு வைக்கும். அதற்குத் தெரிந்த வழியில் விடுவோம்.

காட்டுவழி (பென்சில்வேனியா):
சீசனுக்கு முன் இடம் பார்க்கப் போயிருந்தேன். கேட்டதற்கு உடனே பலன் கிடைத்தது. ஓக் மரம் ஒன்று சாய்ந்து அதன் உச்சிக் கிளைகள் தரையில் பரந்து கிடந்தன. அதைத் தாண்டலாம் என்று கால் வைக்கும் முன் நின்று பார்த்தேன், கிளைகளுக்கு உள்ளே, இலைகள் வட்டமாக அமுங்கிய இடத்தில் முட்டைகள். எட்டு ஒன்பது இருக்கும். இரண்டு மேலாக இலை கிடந்தது. பெட்டை இல்லை. மூன்று எட்டு தள்ளி நின்று பார்த்துவிட்டு, தொடாமல், படமும் எடுக்காமல் வந்த தடத்திலேயே பின்வாங்கினேன். இப்போது சந்தேகம்: ரஃப்டு கிரவுஸ் பறவையும் மர அடியில்தான் கூடு வைக்குமாம், அதற்கும் பத்து முட்டை இருக்குமாம். இது எது?

பறவைநோக்கி (ஓஹையோ):
அளவுதான் சொல்லும். கிரவுஸ் முட்டை ஒன்றரை அங்குலம், ஏறக்குறைய புறா முட்டை அளவு. நீங்கள் பார்த்தது வீட்டுக்கோழி முட்டையை விடச் சின்னதாகத் தெரிந்ததா, பெரிதாகவா? புள்ளிகள் இருந்தனவா? பள்ளத்தின் அகலத்தையும் நினைத்துப் பாருங்கள், வான்கோழியுடையது ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாகவாவது இருக்கும்.

காட்டுவழி (பென்சில்வேனியா):
நிச்சயமாகக் கோழி முட்டையை விடப் பெரியது. மெல்லிய புள்ளி இருந்தது.

பறவைநோக்கி (ஓஹையோ):
அப்போது வான்கோழிதான். பெட்டை இல்லை, முட்டை மேல் இலை, எட்டு ஒன்பதுதான் என்கிறீர்கள். இன்னும் இட்டு முடியவில்லை, அடை தொடங்கவில்லை என்று தோன்றுகிறது. மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். அடை தொடங்கும் முன்போ தொடங்கிய முதல் நாட்களிலோ கலைந்தால் பெட்டை கூட்டையே விட்டுவிட வாய்ப்பு அதிகம். குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க எளிதில் விடாது. தொடாமல் வந்தது ரொம்ப நல்லது.

ஜார்ஜியா_கதிர்:
அங்கே கேமரா கட்டலாம், பொரிக்கும்வரை பார்க்கலாம் என்று ஆசை வரும், வேண்டாம் நண்பரே. நீங்கள் போய்வரும் தடத்தில் உங்கள் வாசனை, நசுங்கிய செடி எல்லாம் ஒரு பாதையாகிவிடும். காக்கை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும், நீங்கள் குனியும் இடத்தை அது மறக்காது. குறி வைக்கிறேன் என்று மரத்தில் நாடா கட்டவும் வேண்டாம். உங்கள் கைப்பேசி வரைபடத்தில் ஒரு புள்ளி போதும், அதையும் எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். அந்தப் புள்ளியிலிருந்து குறைந்தது இருநூறு கஜம் தள்ளி உட்காருவது என் வழக்கம்.

ஒசார்க்வேலு (மிசௌரி):
கதிர் சொன்னதுதான். அந்த இடத்தையே முழுசாக விட்டுவிடவும் தேவையில்லை தம்பி. பெட்டை அங்கே இருக்கிறது என்றால் சேவல் அந்த மலையில்தான் எங்கோ இருக்கிறது. மேட்டின் மறுபக்கம், நீங்கள் ஆட்டத் தடம் பார்க்கும் திறந்த வெளி பக்கம் போய் உட்காருங்கள்.

உங்கள் மாநிலத்தில் சீசனின் முதல் பாதியில் நண்பகல் 12 மணியோடு முடித்துவிட வேண்டும், பின்பாதியில்தான் நாள் முழுக்க. நண்பகலுக்கு மேல் காட்டில் ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தால் அடை தொடங்கிய பெட்டைகள் கலையாது, அதுதான் இந்த விதியின் நோக்கங்களில் ஒன்று. பின்பாதியில் பெரும்பாலான பெட்டைகள் அடையில் ஊறிவிடும், எளிதில் விட்டுப் போகாது. இதைத் தெரிந்துகொண்டு கடைப்பிடித்தால் விதி பாரமாகத் தெரியாது.

அப்புறம், உங்கள் மாநிலத்தில் அழைத்துத்தான் சுட வேண்டும், பதுங்கி நெருங்குவது சட்டவிரோதம். இது பறவைக்காக மட்டுமல்ல, உங்கள் உயிருக்காகவும். பெட்டைக் குரல் கேட்டுப் பதுங்கிப் போகிறவர், அந்தப் பக்கம் பெட்டைக் குரல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதரை நோக்கிப் போகிறார். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, சட்டைக்குள் தெரியும் பனியன், கைக்குட்டை உட்பட. சேவலின் தலை அந்த மூன்று நிறம்தான். நடக்கும்போது ஆரஞ்சு துணி போட்டுக்கொள்ளுங்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும். யாராவது வருவது தெரிந்தால் கை அசைக்காதீர்கள், வான்கோழிக் குரல் கொடுக்காதீர்கள், சத்தமாக வாய்விட்டுப் பேசுங்கள்.

நெல்லைக்காரன் (டெக்சஸ்):
தாடியுள்ள பெட்டை என்று ஒன்று உண்டாமே? அதைச் சுடலாமா?

ஒசார்க்வேலு (மிசௌரி):
உண்டு. சில பெட்டைகளுக்கு மெல்லிய தாடி முளைக்கும். "தாடியுள்ள பறவை" என்று விதி சொல்லும் மாநிலங்களில் சுட்டால் குற்றமில்லை. ஆனால் அதுவும் முட்டையிடும், அடை உட்காரும், குஞ்சு வளர்க்கும் பெட்டைதான். தாடியை மட்டும் பார்த்து விரலை வைக்காதீர்கள். தலை வெளுத்துச் சிவந்து நீலம் கலந்து, கழுத்தில் சதை தொங்கி, உடம்பு கறுப்பாக மினுங்கினால் சேவல். தலை சாம்பல் நீலம், உடம்பு பழுப்பு என்றால் பெட்டை, தாடி இருந்தாலும் விட்டுவிடுங்கள். காலில் முள்ளும் பார்க்கலாம், ஆனால் புல்லுக்குள் தெரியாது.

மீனா_பால்டிமோர்:
வேட்டை சம்பந்தமில்லாத கேள்வி. வார இறுதியில் மலையேறப் போகும்போது பாதையோரம் உடைந்த முட்டை ஓடு பார்க்கிறேன். பொரித்ததா, ஏதாவது தின்றதா என்று எப்படித் தெரியும்?

பறவைநோக்கி (ஓஹையோ):
நல்லபடியாகப் பொரித்த முட்டையைக் குஞ்சு உள்ளிருந்து அகன்ற முனைப் பக்கம் வட்டமாகக் கொத்தி வெட்டும். ஒரு மூடி தனியாக, அல்லது ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உள்தோல் காய்ந்து ஓட்டிலிருந்து பிரிந்து வரும். எல்லா ஓடும் கூட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று கிடக்கும்.

தின்றதென்றால் ஓடு நொறுங்கி, மஞ்சள் கரு காய்ந்து ஒட்டி, சுற்றுமுற்றும் சிதறியிருக்கும். பக்கவாட்டில் கொத்திய துளையோடு, கூடே இல்லாத இடத்தில் ஒற்றை ஓடு கிடந்தால் காக்கை தூக்கிவந்ததாக இருக்கலாம். பாம்பு முழுசாக விழுங்கும், அதனால் ஓடே இருக்காது, கூடு சுத்தமாகக் காலியாக இருக்கும். ஓட்டை மட்டும் வைத்துக் குற்றவாளியை உறுதியாகச் சொல்ல முடியாது, ஒன்று உடைத்ததை இன்னொன்று வந்து தின்றிருக்கும். மழை பெய்த நாட்களில் நனைந்த பெட்டையின் வாடை பரவி, மோப்பம் பிடிக்கும் விலங்குகள் எளிதில் கண்டுபிடிக்கின்றன என்று கருதுகிறார்கள். ஈரமான மே மாதங்களில் இந்த ஓடுகள் அதிகம் கண்ணில் படுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நடைபயணம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மே, ஜூன் மாதங்களில் நாயைக் கயிறு போட்டுக் கூட்டிப்போங்கள். நாய் கலைத்த கூடுகளும் நிறைய. அப்புறம் எல்லோருக்கும், வேட்டையோ நடையோ, அந்தப் புதர்களில்தான் மான் உண்ணியும் இருக்கும். மே, ஜூனில் இளம் உண்ணிகள் கசகசா அளவுதான். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த உடை, வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கச் சோதனை, இரண்டையும் விடாதீர்கள். இந்த உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் பென்சில்வேனியாவில் அதிகம்.

காட்டுவழி (பென்சில்வேனியா):
எல்லோருக்கும் நன்றி. கூட்டிலிருந்து தள்ளி, மேட்டுக்கு மறுபக்கம் ஒரு பழைய மரம்வெட்டுச் சாலையில் சிறகு உரசிய கோடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன், சீசன் திறந்ததும் அங்கேதான். கடைசியாக ஒன்று: வேட்டை முடிந்த பிறகு நம்மால் செய்ய முடிந்தது ஏதாவது உண்டா?

பறவைநோக்கி (ஓஹையோ):
உண்டு. உங்கள் மாநில கேம் கமிஷன் (வனவிலங்கு வாரியம்) ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பொதுமக்களிடம் வான்கோழிக் கணக்கு கேட்கிறது. எங்கே பார்த்தீர்கள், பெட்டை எத்தனை, குஞ்சு எத்தனை, சேவல் எத்தனை என்று இணையத்தில் பதியலாம். அடுத்த சில வருட சீசன்களை முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவுகிறது. குஞ்சு இல்லாத பெட்டையைப் பார்த்தாலும் பதியுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்ற விகிதம் அதில்லாமல் தப்பாகிவிடும்.

ஒசார்க்வேலு (மிசௌரி):
வைக்கோல் வயல் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரிடமும் பேசிப் பாருங்கள். முதல் அறுப்பை ஜூலை நடுவரை தள்ளிப்போட முடிந்தால் கூடுகளும் பறக்காத குஞ்சுகளும் தப்பும். முழு வயலையும் தள்ள முடியாதவர்கள் காட்டை ஒட்டிய ஓரப் பட்டையை மட்டுமாவது கடைசியில் அறுக்கலாம், அறுப்பை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகக் கொண்டுபோகலாம். இயந்திரம் வருவதைக் கேட்டுத் தாயும் குஞ்சும் காட்டுப் பக்கம் ஓட வழி இருக்கும். எங்கள் பக்கத்தில் கேட்டுப் பார்த்ததில் பலர் மறுக்கவில்லை, யாரும் இதுவரை சொல்லவில்லை என்றுதான் சொன்னார்கள்.